ஹெலன் மேடத்துக்கு நாங்கள் கொண்டுபோன கஷாயம்

ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் இங்கிலீஷ் தெரிந்திருந்தால் அவருக்கு ஆயுளுக்கும் ஓய்வு கிடையாது. சமைக்கிறவளுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு ஓட்டலில் பரோட்டா வாங்கிக்கொள்வார்கள். இங்கிலீஷ் தெரிந்தவளுக்குக் காய்ச்சல் வந்தால் போர்வையை விலக்கி, "இதுல என்னா போட்டிருக்குது பாரு" என்று கட்டிலுக்கே கொண்டுவந்து நீட்டுவார்கள். மிக்சியோடு வந்த காகிதம், எதிர்வீட்டுப் பையனுக்கு வந்த விசா மெயில், கண் சொட்டு மருந்து அட்டை, எல்லாவற்றுக்கும் நான்தான். காரணம், நான் எம்.ஏ. இங்கிலீஷ். அதுவும் தபால் வழியில். (அத எவனும் கேக்கிறதில்ல.)

என் இங்கிலீஷைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். பழைய கவிதை ஒன்றில் குயில் எதற்காகக் கூவியது என்று கேட்டால் பத்து மார்க்குக்கு எழுதுவேன். அதே குயில் எதிரில் வந்து உட்கார்ந்து "ஹவ் ஆர் யூ" என்றால் எனக்கு வியர்த்துவிடும். அதிலும் ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு துண்டுச் சொல் வந்து ஒட்டிக்கொள்ளுமே, அந்தச் சனியன்கள்! 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. இரண்டையும் சேர்த்தால் மேலே கொடு என்றுதானே வரவேண்டும்? கைவிடு என்று வரும். என்ன நியாயம் இது? நம் தமிழிலும் மாட்டு வேறு, மாட்டிக்கொள் வேறு, மாட்டிவிடு வேறுதான். ஆனால் நாம் அதையெல்லாம் பரீட்சைக்குப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டுதான் தெரிந்துகொண்டோம்.

நான் இங்கிலீஷில் மாட்டிக்கொண்டது ஓர் ஐப்பசி மாதத்தில்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒரு சின்னக் கம்பெனி. அலமாரிக் கதவிலும் மேஜை டிராயரிலும் வைக்கிற பீங்கான் குமிழ்கள் செய்கிறோம். வெள்ளைக் குமிழில் பூவும் மயிலும் கையால் வரைவோம். கல்யாணத்துக்கு முன்பு நான் அங்கே கணக்கு, கடிதம், டீ, சண்டை தீர்த்தல் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் தொழில் படுத்துவிட்டது. பிளாஸ்டிக் குமிழ் வந்து கடைகளை நிரப்பிவிட, எங்கள் சூளை பாதி நாள் ஆறிக் கிடந்தது. பூ வரைகிற பெண்கள் நாலு பேரையும் நிறுத்திவிட வேண்டியிருக்கும் என்று அத்தா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். சொன்ன அன்று அவர் சோறு சாப்பிடவில்லை.

அப்போதுதான் சார்ஜாவில் இருக்கும் அன்வர் அண்ணன் ஒரு கண்காட்சியில் ஹெலன் மேடத்தைப் பிடித்தான். இங்கிலாந்தில் அவருக்குச் சாமான் கடைகள் இருந்தன. எங்கள் குமிழின் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தியா வரும்போது நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். சொன்னபடி பாண்டிச்சேரியில் வந்து தங்கி, வாடகைக் காரில் புறப்பட்டுவிட்டார். "மதிய சாப்பாட்டுக்கு உங்களோடு இருப்பேன்" என்று எனக்கு வாட்ஸாப்பில் செய்தி வந்தது.

கம்பெனியை ஒட்டியே இருக்கிற எங்கள் வீட்டில் அம்மா பிரியாணிக்கு அரிசி ஊறவைத்தாள். அத்தா, இரண்டு பெருநாளைக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். எங்கள் ஃபோர்மேன் செல்வராஜ் அண்ணன் கம்பெனி வாசலில் தேங்கிய மழைத் தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் வந்தது, மேடம் வரவில்லை. பதிலாக ஒரு செய்தி வந்தது.

"சோ சாரி. வீ ஆர் பாக்டு டவுன் நியர் கம்மாபுரம்."

"என்னாம்மா சொல்றாங்க?" என்றார் அத்தா.

கம்மாபுரம் புரிந்தது. வருத்தப்படுகிறார் என்பதும் புரிந்தது. நடுவில் இருந்த இரண்டு சொற்கள்தான் புரியவில்லை. எம்.ஏ. படித்தவள் தெரியாது என்று சொல்லலாமா? "இருங்கத்தா" என்று சொல்லிவிட்டு, குமிழ் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று செல்போனில் அகராதியைத் தேடினேன்.

'பாக்' என்றால் முதல் அர்த்தம், சேற்று நிலம். நான் அதை உடனே தள்ளிவிட்டேன். ஏசி காரில் வருகிற வெள்ளைக்கார அம்மாவுக்கும் சேற்றுக்கும் என்ன சம்பந்தம்? கீழே இறங்கினேன். இரண்டாவது அர்த்தம், இங்கிலாந்துப் பேச்சு வழக்கில் கக்கூஸ்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஹெலன் மேடம் இங்கிலாந்துக்காரர். ஆக, இங்கிலாந்து வழக்கில்தானே பேசுவார்? 'டவுன்' எனக்குத் தெரியும். காய்ச்சலில் படுத்துவிட்டால் 'டவுன் வித் ஃபீவர்' என்று லீவ் லெட்டர் எழுதியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்தேன். (அந்த நேரத்துல என் மூள வேல செஞ்ச வேகத்த பரீட்ச ஹால்ல கூட நான் பாத்ததில்ல.)

"அத்தா, மேடத்துக்கு வயித்தால போவுதாம். கம்மாபுரம் கிட்ட படுத்துட்டாங்களாம்."

அத்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா! எங்க என்னாத்த சாப்பிட்டாங்களோ!"

"போன் போட்டுக் கேளு பாப்பா" என்றார் செல்வராஜ் அண்ணன். நல்ல யோசனைதான். ஆனால் போன் போட்டால் நான் பேசவேண்டும். "அங்க டவர் கெடைக்காதுண்ணே" என்று சொல்லிவிட்டுச் செய்தி தட்டினேன். கவலைப்பட வேண்டாம், ஓய்வெடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எழுதினேன்.

பதில் உடனே வந்தது. "வாட்டர் இஸ் த ப்ராப்ளம்! இட்ஸ் எவ்ரிவேர்."

தண்ணீர்தான் பிரச்சினையாம். எங்கே பார்த்தாலும் தண்ணீராம். நான் அதை அத்தாவிடம் மொழிபெயர்த்துச் சொல்லக் கூச்சப்பட்டு அம்மாவைக் கூப்பிட்டு அவள் காதில் சொன்னேன். அம்மா, "தண்ணியாவே போவுதா? அப்பிடின்னா இது சாதாரணம் இல்லடி" என்று சொல்லிக்கொண்டே பிரியாணி அடுப்பைத் தணித்துவிட்டு மாதுளம்பழத் தோலைத் தேடப் போனாள்.

அடுத்த செய்திதான் எங்கள் குடும்பத்தை வீதிக்கு இழுத்தது. "வீ வில் ஹேவ் டு பி புல்டு அவுட், ஐ ஆம் அஃப்ரெய்ட்."

'புல் அவுட்' எனக்கு நன்றாகத் தெரியும். வியாபாரக் கடிதங்களில் படித்திருக்கிறேன். ஒப்பந்தத்திலிருந்து பின்வாங்குவது. நடுவில் ஒரு சின்ன 'பி' உட்கார்ந்திருந்ததே, அது என் கண்ணில் படவே இல்லை.

"அத்தா... ஆர்டரு வேணாம்னு பின்வாங்கப் போறாங்களாம்."

அத்தா பூ வரைகிற கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அங்கே நாலு பெண்களும், வெளிநாட்டு மேடம் பார்க்கப்போகிறார் என்று புதுத் தூரிகை வைத்துக்கொண்டு மயிலுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுந்தார். "நம்ம ஊரு எல்லைல வந்து ஒரு பொம்பளை ஒடம்பு முடியாம கெடக்குறாங்க. ஆர்டரு குடுத்தா குடுக்கட்டும், குடுக்காட்டி போவட்டும். செல்வராஜு, வண்டிய எடுப்பா."

இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அத்தா மேல் பெருமையாகத்தான் இருக்கிறது. என் மேல்தான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

எங்கள் குட்டியானை லோடு வண்டி புறப்பட்டது. முன்னால் செல்வராஜ் அண்ணனும் அத்தாவும். பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நான், அம்மா கொடுத்த பெரிய பிளாஸ்க், ஜவ்வரிசிக் கஞ்சித் தூக்கு, பழைய பெட்ஷீட், ஒரு பிளாஸ்டிக் வாளி, அப்புறம் ஸ்டெல்லா சிஸ்டர். பக்கத்துத் தெரு கிளினிக்கில் நர்ஸ். குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடுகிற கம்பியையும் பிடுங்கிக்கொண்டு ஏறியிருந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்தக் கம்பி என் தலையில் ஒரு தட்டுத் தட்டியது. அதற்கு அப்போதே எல்லாம் தெரிந்திருக்கிறது.

கம்மாபுரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மெயின் ரோட்டு ஓரம் ஒரு மதகுக் கட்டையின் மேல் ஹெலன் மேடம் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். நரைத்த கிராப்பு. காரையும் காணோம், டிரைவரையும் காணோம். சுற்றிலும் வேலிக்காத்தான் புதர். அவர் போட்டிருந்த வெளிர்நிறக் கால்சட்டை முழங்காலுக்கு மேலேயிருந்து கீழ்வரைக்கும் ஒரே பழுப்பாக நனைந்திருந்தது.

வண்டியிலிருந்து அதைப் பார்த்த ஸ்டெல்லா சிஸ்டர் "இயேசுவே" என்று நெஞ்சில் சிலுவை போட்டார். "பாவம், அடக்க முடியல போலருக்குது."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அத்தா என்னைவிடப் பெரிய மனிதர். இறங்கியதும் மேடத்தின் கால்சட்டைப் பக்கமே பார்க்காமல், வானத்தைப் பார்த்துக்கொண்டே "வெல்கம், வெல்கம்" என்று சொன்னார். செல்வராஜ் அண்ணன் பெட்ஷீட்டைக் கொண்டுபோய், முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக நீட்டினார். மேடம் அதை வாங்கி என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் போர்த்திக்கொண்டார்.

"யூ ஆர் ஆல் சோ கைண்டு" என்றார். குரல் தெம்பாகத்தான் இருந்தது. வைராக்கியம் உள்ள அம்மா என்று நான் நினைத்தேன்.

அத்தா பிளாஸ்க்கைத் திறந்து, கஷாயத்தை டம்ளரில் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினார். மாதுளம்பழத் தோலும் மாசிக்காயும் போட்டு அம்மா சுண்டக் காய்ச்சியது. எங்கள் குடும்பத்தில் அதை அரை டம்ளருக்கு மேல் யாருக்கும் கொடுத்ததில்லை. மேடம் இது நம் ஊர் விருந்தோம்பல் என்று நினைத்துவிட்டார். ஒரு வாய் குடித்ததும் முகம் எலுமிச்சம்பழம் கடித்த மாதிரி சுருங்கியது. ஆனாலும் புன்னகையை விடாமல் முழுசும் குடித்தார். காலி டம்ளரைப் பார்த்ததும் அத்தாவுக்குச் சந்தோஷம். இன்னொன்று ஊற்றினார். மரியாதைக்காக அதையும் குடித்தார். அந்த இரண்டாவது டம்ளரை நான் தடுத்திருக்கலாம். நான் அப்போது அடுத்து என்ன இங்கிலீஷ் பேசுவது என்று மனசுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வேலையை ஸ்டெல்லா சிஸ்டர் எனக்கு மிச்சப்படுத்தினார். "எத்தினி தடவ போச்சுன்னு கேளும்மா. அதுக்குத் தக்கதான் பாட்டில் போடணும்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "மேடம், ஹவ் மெனி டைம்ஸ் டிட் இட் கோ?"

மேடம் பெருமூச்சு விட்டார். "அட் ஃபர்ஸ்ட், எ லிட்டில். தென் நத்திங், ஹவெவர் ஹார்ட் வீ புஷ்டு."

"என்னா சொல்றாங்க?"

"மொதல்ல கொஞ்சம் போச்சாம் சிஸ்டர். அப்புறம் எவ்வளோ முக்கியும் போவலையாம்."

சிஸ்டர் கம்பியைக் கீழே வைத்துவிட்டார். "அய்யய்யோ! அப்ப இது பேதி இல்லியே, அடைப்பாச்சே! பாய், ரெண்டு டம்ளரு கட்டுற கஷாயத்த ஊத்திட்டீங்களே பாய்!"

அத்தா என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாங்கள் இவ்வளவு வருத்தப்படுகிறோமே என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த நேரத்தில் வேலிக்காத்தானுக்குப் பின்னாலிருந்து டிராக்டர் சத்தம் கேட்டது. ஒரு விவசாயி டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் பின்னால் நின்றுகொண்டு வந்தது வாடகைக் கார் டிரைவர், இடுப்புவரை சேறு. டிராக்டருக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுபட்டு வந்தது ஒரு வெள்ளைக் கார். வெள்ளை என்பது கூரையை வைத்துச் சொல்கிறேன்.

"போன்ல மேப்பு குறுக்கு வழின்னு காட்டுச்சு சார்," என்றார் டிரைவர் அத்தாவிடம். "உள்ள வுட்டதும் சக்கரம் எறங்கிடுச்சு. நானும் இந்தம்மாவும் எவ்ளோ தள்ளுனோம் தெரியுங்களா!"

விவசாயி இறங்கி வந்து பீடி பற்றவைத்தார். "நெலக்கரி சுரங்கத்துக்கு நெலத்த எடுக்கப்போறோம் எடுக்கப்போறோம்னு சொல்லியே இந்த ரோட்ட போடல. போன வாரம் ஒரு கல்யாண வேனு எறங்கிடுச்சு." பிறகு குளுக்கோஸ் கம்பியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "ஆருக்குங்க ஒடம்பு சரியில்ல?"

நான் மெதுவாகக் கையைத் தூக்கி என்னைக் காட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அத்தா என்னோடு பேசவில்லை. ஸ்டெல்லா சிஸ்டர் மட்டும் இடையிடையே தனக்குத் தானே சிரித்துக்கொண்டு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டார். மேடம் பின்னால் காரில் வந்தார். கயிற்றை அவிழ்க்கிற நேரத்தில் சிஸ்டர் சொல்லி, நடந்ததெல்லாம் டிரைவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு என் அளவுக்குப் படிப்பு இல்லை. ஆகவே இங்கிலீஷ் தாராளமாகப் பேசினார். கம்பெனி வந்து சேர்வதற்குள் மேடத்துக்கு எல்லாக் கதையும் தெரிந்துவிட்டது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், காரை விட்டு இறங்கியதும் அவர் நேராக என்னிடம் வந்து, முகத்தில் ஒரு கோடு கூட அசையாமல், "மே ஐ யூஸ் யுவர் பாக், மை டியர்?" என்றார்.

எனக்கு வெட்கத்தில் காது எரிந்தது. அதே சமயம், அந்த இரண்டாவது அர்த்தம் சரிதான் என்று உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷமும் வந்தது. (மானம் போற நேரத்துலயும் மார்க்கு எண்ற புத்தி போவாது.)

கை கால் கழுவி, அம்மாவின் புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, மேடம் பூ வரைகிற கொட்டகையில் போய் உட்கார்ந்தார். நாலு பெண்களுக்கும் நடுவில் சம்மணம் போட முயன்று, முடியாமல், காலை நீட்டிக்கொண்டார். மயில் கண் எப்படி எழுதுவது என்று தானும் ஒரு குமிழை எடுத்து வரைந்து பார்த்தார். அது கோழி மாதிரி வந்தது. பெண்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிரியாணி சாப்பிட்டார். ஆர்டர் பற்றி ஊருக்குப் போய் எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். கார் போனதும் அத்தா வாசலில் நின்றபடியே, "எழுத மாட்டாங்க" என்றார். கம்மாபுரத்திலிருந்து திரும்பியபின் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

இரண்டு நாள் நான் சோறு தண்ணி இறங்காமல் திரிந்தேன். அந்த நேரத்தில் அகராதியை ஒழுங்காகப் படித்தேன். சேற்றில் சிக்குவது, வேலையில் சிக்கி நகராமல் நிற்பது எல்லாம் அங்கேயே இருந்தது. உதாரண வாக்கியத்தோடு இருந்தது. உதாரணத்தில் வந்ததே ஒரு கார்தான்.

மூன்றாம் நாள் காலையில் ஹெலன் மேடத்திடமிருந்து செய்தி வந்தது. "நௌ ஐ ஆம் ட்ரூலி பாக்டு டவுன். ப்ளீஸ் ஆஸ்க் யுவர் மதர்."

இந்த முறை நான் ஏமாறவில்லை. படித்துவைத்திருக்கிறேனே! ஒரு நொடி கூடத் தாமதிக்காமல் பதில் போட்டேன். "விச் ரோடு, மேடம்? டிராக்டர் கமிங்."

பிறகு கண்ணீர் வழியச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்தன. அதன்பின் ஒரு விளக்கம். கார் நன்றாகத்தான் இருக்கிறதாம். அவர் சென்னை ஓட்டலில், அறையிலேயே இருக்கிறாராம். அன்றைக்குக் குடித்த இரண்டு டம்ளருக்குப் பிறகு எதுவும் நடக்கவில்லையாம்.

நான் அம்மாவிடம் ஓடினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "உலர்ந்த திராட்சைய சுடுதண்ணில ஊறப்போட்டு ராத்திரி குடிக்கச் சொல்லு. பப்பாளி திங்கச் சொல்லு. நீ ஒன்னும் சேத்துச் சொல்லாத, நான் சொல்றத மட்டும் எழுது" என்றாள். எழுதினேன். மறுநாள் மேடம் 'ஃப்ரீ அட் லாஸ்ட்' என்று அனுப்பினார். அதற்குக் கீழேயே ஆர்டரும் இருந்தது. அத்தா எதிர்பார்த்ததில் பாதிதான். ஆனாலும் சூளை எரிந்தது, நாலு பெண்களும் இருந்தார்கள். ஒரு வகைக் குமிழில் மட்டும் மயிலுக்குப் பதில் தான் வரைந்த கோழியைப் போடச் சொல்லியிருந்தார். இன்றைக்கும் அது போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் என் விஷயம் அதோடு முடியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது "மாட்டிக்கிட்டேன்" என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் உடனே கேட்பார்: "வவுறா, வண்டியா?" அன்வர் அண்ணன் சார்ஜாவிலிருந்து லீவ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டதாகச் சொன்னாலும் இதுதான். பரண் மேல் ஏறிய பூனை இறங்க முடியாமல் கத்தினாலும் இதுதான்.

என்னைப் பெண் பார்க்கத் திட்டக்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் புறப்பட்டு வந்தார்கள். பெண்ணாடம் பக்கத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்று ரோடு அடைத்துக்கொண்டது. மாப்பிள்ளையின் அம்மா அத்தாவுக்குப் போன் செய்தார். அத்தா ஸ்பீக்கரில் போட்டார். நான் உள்ளே தலையில் முக்காட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சுக்குங்க, வழில மாட்டிக்கிட்டோம்."

பழக்க தோஷம். அத்தா வாயிலிருந்து மிக மரியாதையாக வந்துவிட்டது: "வவுறுங்களா, வண்டிங்களா?"

அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள். இந்தச் சம்பந்தமும் போச்சு என்று நான் முக்காட்டை எடுத்துவிட்டேன். பிறகு அந்த அம்மாளின் குரல், கிசுகிசுப்பாக, பயபக்தியோடு வந்தது.

"வண்டிதாங்க. ஆனா பையனுக்குக் காலேலேந்து வவுறும் சரியில்ல. நாங்க யாருகிட்டயும் சொல்லலியே... ஒங்களுக்கு எப்பிடிங்க தெரிஞ்சுது?"

என் மாமியாருக்கு இன்றைக்கு வரைக்கும் என் அத்தா ஒரு சாதாரண மனிதர் இல்லை. அவர் துவா செய்து ஊதிக் கொடுத்த தண்ணீரை ஒரு பாட்டிலில் வாங்கிவரச் சொல்லி மாதம் ஒருமுறை என்னை விருத்தாசலத்துக்கு பஸ் ஏற்றிவிடுகிறார். அத்தாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊதிக் கொடுக்கிறார்.